சீசன் குத்தகை

வைகாசி கடைசியில் தென்காசியில் இரண்டு கேள்விகள் சேர்ந்தே கிளம்பும். "மலையில மழ விழுதா?" என்பது ஒன்று. "கடை யாருக்குப் போச்சு?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மொட்டைமாடியில் ஏறி மேற்கே பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். திரிகூடமலை கண்ணுக்குத் தெரியாதபடி மேகம் மூடியிருந்தால் அருவியில் தண்ணீர் உண்டு. இரண்டாவதற்கு ஏலம் முடியக் காத்திருக்க வேண்டும். குற்றாலநாதர் கோயிலைச் சுற்றியும் பேரருவிக்குப் போகிற வழியிலும் இருக்கும் கடைகளில் பல, கோயில் மண்ணில் நிற்பவை. வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் நிரந்தரக் கடைகளும் உண்டு. நான் சொல்ல வருவது சீசன் கடைகளைப் பற்றி. டேவணித் தொகை கட்டி, ஏலம் கேட்டு எடுத்தவர் அந்தச் சாரல் காலம் முடிகிற வரை அந்த இடத்துக்கு உடையவர். அடுத்த வருஷம் அங்கே அவரே நிற்கலாம், வேறொருவரும் நிற்கலாம். ஆனி, ஆடி, ஆவணி என்ற மூன்று மாதத்துக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும்.

என் பிள்ளைப்பிராயத்தின் பாதி இந்தக் கடைவீதியில் கழிந்தது. என் தாய்மாமன் அங்கே கடை எடுத்தவர். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் சனி ஞாயிறுகளில் மாமாவோடு டவுன் பஸ் ஏறிவிடுவேன். அப்போது தென்காசிக் கோபுரம் மொட்டையாக நின்றது. பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசிவிசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் எப்போதோ சிதைந்துபோய், பிளந்த அடிப்பகுதி மட்டும் மிச்சமிருந்தது. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று ஒன்பது நிலையும் எழும்பிக் குடமுழுக்கு நடந்தது 1990இல். நான் சொல்கிற காலம் அதற்கு முந்தியது.

தென்காசியிலும் கடைகளுக்குக் குறைவில்லை. சுவாமி சன்னதி பஜார் இருந்தது, கூலக்கடை பஜார் இருந்தது. அரிசி, பருப்பு, வேட்டி, பாத்திரம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். கல்யாணப் பட்டு எடுக்கத் திருநெல்வேலிக்கு ரயிலேறுவோம். ஆனால் தேவை என்று ஒன்றும் இல்லாமல், மனசுக்குப் பிடித்ததை வாங்குவதற்காகவே போகிற இடம் எங்களுக்குக் குற்றாலம்தான். இன்றைக்கு நகரத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போய் ஒன்றும் வாங்காமல் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வருகிறார்களே, அந்தச் சந்தோஷத்தை நாங்கள் அங்கே அடைந்தோம். மேலே கண்ணாடிக் கூரைக்குப் பதில் மலை இருந்தது. குளிர்சாதனம் பொதிகைக் காற்று.

தென்காசியை விட்டு பஸ் மேலகரம், நன்னகரம் தாண்டும்போதே காற்று மாறிவிடும். காசிமேஜர்புரம் வந்தால் முகத்தில் சாரல் அடிக்கும். குற்றாலத்தில் இறங்கியதும் முதலில் மோதுவது தேங்காய் எண்ணெய் வாசனை. பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் கொதிக்கும். சிப்ஸ் போடுகிறவர் நேந்திரங்காயைக் கையில் பிடித்துச் சீவுகட்டையில் உரசிக்கொண்டே இருப்பார். வில்லைகள் நேராக எண்ணெயில் விழும். உப்புத் தண்ணீரை ஒரு கை தெளித்ததும் 'சோ'வென்று ஒரு சத்தம் எழும். பக்கத்தில் ஓடுகிற அருவியின் சத்தத்தையும் மீறி அது கேட்கும். ஈரத் தலையோடு அந்த அடுப்பின் முன் நின்று சூடு காய்ந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு நகர்ந்ததில்லை. சிப்ஸ் கடைக்காரர்கள் அடுப்பை வாசலில் வைத்திருந்ததன் காரணம் அதுதான் என்று மாமா சொல்வார்.

அதை அடுத்துப் பழக்கடைகள். மங்குஸ்தான் என்ற பழத்தை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை. கருஞ்சிவப்பு ஓட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் வெள்ளைச் சுளை தெரியும். சட்டையில் கறை பட்டால் போகாது, அம்மாவிடம் அடி நிச்சயம். ரம்புட்டான், பலா, சீத்தா, மலை வாழை எல்லாம் பரப்பியிருக்கும். துரியன் வந்திருந்தால் யாரும் சொல்லாமலே தெரியும். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் அதைத் தேடி வந்து, சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போவார்கள். பழக்கடை தாண்டினால் எண்ணெய் தேய்க்கிறவர்கள். மரப்பலகையில் ஆளைக் குப்புறப் படுக்கப்போட்டு, முதுகில் தாளம் தட்டி, "அண்ணாச்சி, திரும்பிப் படுங்க" என்பார்கள். எண்ணெய் வழிய அருவிக்கு ஓடுகிறவர்கள் கடைவீதி வழியாகத்தான் ஓட வேண்டும். துண்டும் நிக்கரும் விற்கிற கடைகள் அந்த வழியில் வரிசையாக இருந்ததும் யோசித்துச் செய்த காரியம்தான்.

மாமாவின் கடை கோயில் பக்கம். அம்பாசமுத்திரத்து மரச்செப்பு, கண்ணாடி வளையல், ரப்பர் பந்து, பிளாஸ்டிக் கூடை, பத்தமடைப் பாய் என்று கலந்து கட்டிய சரக்கு. செப்புச் சாமான் ஓலைப்பெட்டியில் வரும். அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், குடம், சட்டி, கரண்டி என்று சிவப்பும் மஞ்சளுமாக அரக்குப் பூச்சு மின்னும். அவற்றைத் துடைத்து அடுக்குவது என் வேலை. பெண்பிள்ளைகள் வந்து கடைமுன் உட்கார்ந்துவிட்டால் தாய்மார்கள் இழுத்துக்கொண்டு போக முடியாது. "பிள்ளை கையில குடுத்துருலே, விலையைப் பொறவு சொல்லு" என்று மாமா எனக்கு வியாபாரம் கற்றுக்கொடுத்தார்.

கொல்லம், புனலூர்ப் பக்கத்திலிருந்து ஆரியங்காவு வழியாகக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அவர்களுக்குப் பாயும் வளையலும். மதுரை, விருதுநகர்க்காரர்களுக்குச் செப்பும் கூடையும். உள்ளூர்க்காரர்கள் வாங்குவது குறைவு. ஆனால் கடை முன் நின்று ஊர்க்கதை பேசுவது அவர்கள்தான். மாமா தமிழும் மலையாளமும் கலந்து ஒரு பாஷை பேசுவார். விலை சொல்ல அது போதும். சாயங்காலம் பெட்ரோமாக்ஸ் ஏற்றும்போது சாரல் மேலே பட்டுக் கண்ணாடி 'டப்'பென்று தெறிக்கும் என்று பயந்து சாக்கைக் கட்டித் தொங்கவிடுவார். கூரையின் கீற்று வருஷா வருஷம் புதிது. சீசன் தொடங்கும்போது வேய்ந்து, முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். ஆகவே கம்பும் கீற்றும் தகரமும்தான் அந்தக் கடைவீதி. நல்ல மரத்தில் ஒரு அலமாரி செய்து வைக்க மாமாவுக்குக் கடைசிவரை ஆசை இருந்தது. "நமக்குச் சொந்தமில்லாத இடத்துல என்னத்தைச் செய்யதுக்கு?" என்று அவரே அதற்குப் பதிலும் சொல்லிக்கொள்வார்.

அந்த இடம் பிறகு யாருக்குத்தான் சொந்தம் என்பதை வளர்ந்த பிறகு தேடிப் படித்தேன். அப்படிப் படிக்கத் தூண்டியது ஆச்சி. சீசனுக்கு ஒரு தடவை அவளும் வருவாள். அருவியில் தலை நனைத்து, குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் கும்பிட்டு, குறும்பலா மரத்தைச் சுற்றிவிட்டு நேராக ஒரு மூலைக் கடைக்குப் போவாள். கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, பட்டை. "இது இந்த மலையிலயே காய்ச்சது. வெள்ளைக்காரன் வெச்ச மரம்" என்று முடிந்துகொள்வாள். அதைக் கதை என்று நினைத்திருந்தேன். கதையில்லை.

1801இல் திருநெல்வேலிச் சீமை முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதே காலத்தில்தான் குற்றாலத்தில் கம்பெனியின் வாசனைப் பயிர்த் தோட்டமும் உருவானது. மலுக்குத் தீவுகளில் டச்சுக்காரர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த கிராம்பும் ஜாதிக்காயும் இங்கே வேர்விடுமா என்று பார்த்தார்கள். இரண்டு பருவமழையும் தொடுகிற மலையடிவாரம், எப்போதும் ஈரம், கடுங்குளிர் இல்லை. வேர்விட்டது. இந்தியாவில் கிராம்பு முதலில் பயிரானது குற்றாலத்தில் என்று இன்றைக்கும் வேளாண்மைப் புத்தகங்களில் எழுதுகிறார்கள். தோட்டம் பிறகு கம்பெனி கையை விட்டுத் தனியாரிடம் போனது. அதோடு சம்பந்தப்பட்ட காசாமேஜர் என்ற கம்பெனி அதிகாரியின் பெயர், நாங்கள் பஸ்ஸில் தாண்டிப்போன காசிமேஜர்புரத்தில் தங்கிவிட்டது. தோட்டம் கைமாறினாலும் மரங்கள் காய்ப்பதை நிறுத்தவில்லை. ஆச்சியின் முந்தானையில் முடிந்த ஜாதிக்காய் அந்த வம்சம்தான்.

கம்பெனிக்கு முன்பு என்று போனால் கோயில். சம்பந்தர் பாடிய தலம். ஐந்து சபைகளில் சித்திர சபை இங்கே. அதன் சுவர் முழுக்க ஓவியம். பாண்டியரும் அவர்களுக்குப் பின் மதுரை நாயக்கரும் இந்தப் பகுதியில் கொடுத்த மானியங்கள் பல. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு கவிஞருக்குக் கிடைத்தது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்காக நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் நின்றது. அருவியைப் பற்றி எழுதியதற்கு ஒருவருக்கு மண் சொந்தமானது, நான் அறிந்தவரை அந்த ஒருமுறைதான். மற்ற எல்லாருக்கும் குற்றாலத்து மண் விலைக்கோ வாடகைக்கோதான்.

கோயில் நிர்வாகமும் ஒரே கையில் இருந்ததில்லை. 1817இல் சென்னை மாகாணத்தில் கோயில் சொத்துகளின் மேற்பார்வையைக் கம்பெனி அரசே எடுத்துக்கொண்டது. 1863இல் ஒரு சட்டம் போட்டு அதிலிருந்து விலகியது. 1920களில் அறநிலைய வாரியம் வந்தது. இப்போது நடப்பது 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையத்துறைச் சட்டம். கடைகளின் வாடகையும் ஏலத் தொகையும் போகிற கணக்கு இந்தச் சட்டத்துக்குள் அடங்கியது. அந்தப் பணம் வீணாகப் போகிறது என்று நான் சொல்ல மாட்டேன். குற்றாலநாதர் கோயிலின் பேரில் 1964இல் தொடங்கிய பராசக்தி மகளிர் கல்லூரி இல்லாவிட்டால், எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் பத்தாம் வகுப்போடு நின்றிருப்பார்கள். என் மூத்த அக்காள் அங்கே படித்து வேலைக்குப் போனவள். அவள் கல்லூரிக்குப் போன அதே பஸ்ஸில்தான் மாமாவின் வளையல் பெட்டியும் போனது.

மலையடிவாரத்தில் இன்னும் பல உடைமைகள் இருந்தன. கம்பெனி அதிகாரிகளும் பின்னால் கலெக்டர்களும் வெயிலுக்கு ஒதுங்கக் கட்டிய பங்களாக்கள். ஜமீன்தார்களின் பங்களாக்கள். திருவிதாங்கூர் ராஜாவுக்கு ஓர் அரண்மனை. பக்கத்துச் செங்கோட்டையே அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. அது 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. குற்றாலத்து அரண்மனை மட்டும் கேரள அரசின் சொத்தாகவே நின்றுவிட்டது. இன்றும் அங்கே பொறுப்பு கேரளப் பொதுப்பணித்துறைக்கு. ஐம்பது ஏக்கருக்கு மேல் நிலம், தமிழ்நாட்டுக்குள், இன்னொரு மாநிலத்தின் பேரில். அரண்மனையைக் கடந்து போகும்போதெல்லாம் மாமா ஒரு நிமிஷம் நின்று மதிலைப் பார்ப்பார். "ராஜா போனாரு, ராஜ்யம் போச்சு, பட்டா போகலை பாத்தியா" என்பார். பட்டா என்ற சொல்லை அவர் சொன்ன தொனி எனக்கு மறக்காது. ஒவ்வொரு வைகாசியிலும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டிய மனிதர் அவர்.

ஜனங்கள் பெருகியது ரயிலால். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் போகிற மீட்டர்கேஜ் பாதை 1904இல் முழுமையாகத் திறந்தது. 1927இல் விருதுநகர்ப் பாதையும் வந்து தென்காசியில் சேர்ந்தது. ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிகள் நிற்கும், குற்றாலத்துக்கு இவ்வளவு என்று பேசி ஏறுவார்கள் என்பது தாத்தா சொன்னது. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறியபின் ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டைத் தேடி வந்தார்கள். அவருடைய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தின் பேச்சையும் தோசையையும் பற்றி எழுதாதவர்கள் குறைவு. பத்திரிகைகளில் அதைப் படித்துவிட்டு வெளியூரில் இருந்தவர்களுக்கெல்லாம் குற்றாலம் போகும் ஆசை வந்தது. 1954இல் அவர் மறைந்த பிறகும் அந்த ஆசை குறையவில்லை. பேர் தெரிந்த ஊருக்குக் கூட்டம் வந்தது, கூட்டத்துக்குக் கடை வந்தது. கடைக்கு இடம் போதாமல் போனபோது ஏலத்தில் போட்டியும் வந்தது.

ஏலத்தில் போட்டி வந்தபின் மாமாவின் கதை வேறாகிவிட்டது. ஒரு வருஷம் மலை முழுக்க வெயில். ஆனி பிறந்தும் பேரருவிப் பாறை காய்ந்து கிடந்தது. மாமா வட்டிக்கு வாங்கிக் கட்டிய ஏலத் தொகை போனது போனதுதான். தண்ணீர் விழவில்லை என்பதற்காகக் குத்தகையைத் திருப்பிக் கேட்க முடியாது. தினமும் காலையில் கடையைத் திறந்து, செப்புகளைத் துடைத்து, மறுபடி பெட்டியில் வைத்தோம். ஆடியில் இரண்டு வாரம் தண்ணீர் வந்தது. அதற்குள் ஊர்க்காரர்கள் "இந்த வருஷம் குத்தாலம் இல்லை" என்று வெளியூர் உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் அந்த இடம் செங்கோட்டை அண்ணாச்சி ஒருவருக்குப் போனது. அவர் செப்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பொம்மை வைத்தார். அவரிடமிருந்து மலையாளத்துக்காரர் ஒருவர் உள்வாடகைக்கு எடுத்துச் சிப்ஸ் போட்டார். அடுத்து வந்தவர் செல்போன் உறையும் கறுப்புக் கண்ணாடியும் விற்றார். நான் வேலை நிமித்தம் வெளியூர் போய், லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த இடத்தின் முன்னால் போய் நிற்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு முகம், வேறு சரக்கு. கூரை மட்டும் அதே கம்பும் தகரமும். கீற்றுக்குப் பதில் பிளாஸ்டிக் தார்ப்பாய் வந்ததுதான் முன்னேற்றம். மாமா போய்ச் சேர்ந்த வருஷம் அங்கே ஓர் இளைஞன் அவித்த சோளம் விற்றான். முன்பு இங்கே என் மாமா கடை இருந்தது என்றேன். "அப்படியா அண்ணாச்சி" என்று ஒரு சோளத்தை எடுத்து உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கையில் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டான்.

சென்னையில் இருந்த வருஷங்களில் ஸ்பென்சர் பிளாசாவுக்கு அடிக்கடி போவேன். அதன் வரலாறும் கைமாறிய வரலாறுதான். 1863 வாக்கில் டுரான்ட், ஸ்பென்சர் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் மவுண்ட் ரோட்டில் ஆரம்பித்த கடை, 1895இல் செக்கச்சிவந்த பெரிய கட்டடத்துக்கு மாறியது. 1980களின் தொடக்கத்தில் அது எரிந்தது. அதே இடத்தில் 1990களில் வணிக வளாகம் எழுந்தது. பகுதி பகுதியாக, வேறு வேறு உரிமையாளர்களிடம், கடை கடையாக விற்கப்பட்டது. சொந்தக் கடை என்ற பெருமை பலருக்குக் கிடைத்தது. ஆனால் மொத்தக் கட்டடத்தையும் தன்னுடையது என்று பார்க்க ஒருவரும் இல்லாமல் போனார்கள். 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூவும் 2013இல் வேளச்சேரி பீனிக்ஸும் வந்தபோது கூட்டம் அங்கே நகர்ந்தது. புது மால்களில் உரிமையாளர் ஒருவர், கடைக்காரர்கள் வாடகைக்கு. எந்தக் கடை எங்கே வரவேண்டும், தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேற வேண்டும், இரவில் யார் பெருக்க வேண்டும் என்பதெல்லாம் உரிமையாளரின் தலைவலி.

அந்த ஏற்பாட்டைப் பார்த்தபோதெல்லாம் குற்றாலம்தான் ஞாபகம் வந்தது. எங்களுக்கும் உரிமையாளர் ஒருவர், கடைக்காரர் பலர். மாலின் உரிமையாளர் கூரையும் சுவரும் மின்சாரமும் சேர்த்துத் தருகிறார், ஆண்டுக்கணக்கில் தருகிறார். குற்றாலத்தில் சீசன் கடைக்காரருக்குக் கிடைப்பது மண், அதுவும் ஒரு சாரலுக்கு. மற்றதை அவரே கொண்டுவந்து கட்டி, அவரே பிரித்தெடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு யாரும் செங்கல் வைக்க மாட்டார்கள். எளிதில் கட்டுவது எளிதில் எரியும்.

2020, 2021 இரண்டு சீசனும் கொரோனாவில் போயின. அருவியில் தண்ணீர் கொட்டியது, பார்க்க ஆளில்லை. 2021 டிசம்பரில் மறுபடியும் குளிக்கத் திறந்துவிட்டார்கள். அப்போது வந்திறங்கியது சபரிமலைக் கூட்டம். ஐயப்பமார்கள் சிப்ஸ் மூட்டை வாங்காமல் ஊர் திரும்புவதில்லை என்பதால் சிலர் தலை நிமிர்ந்தார்கள். அதற்குள் கடையை விட்டு ஆட்டோ ஓட்டப் போனவர்கள் திரும்பவில்லை. அடுத்த வருஷமே கடன் வாங்கி ஏலம் கேட்டவர்கள் கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோது, 2023 ஆகஸ்டில் கோயிலை ஒட்டியிருந்த தற்காலிகக் கடைகள் தீப்பிடித்து எரிந்தன. சமையல் சிலிண்டர்கள் வெடிக்கிற சத்தத்தோடு அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வரிசை வரிசையாகத் தகரம் சுருண்டு விழுந்தது. பின்னால் மலையும் கோபுரமும் அப்படியே நின்றன. மாமா உட்கார்ந்திருந்த இடம் எதுவென்று அந்தப் புகையில் தேடிக்கொண்டிருந்தேன்.

தென்காசி இப்போது மாவட்டத் தலைநகரம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. மீட்டர்கேஜ் அகலப்பாதையாகிவிட்டது. பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னையில் ராத்திரி ஏறினால் விடியும்போது தென்காசி. மேலகரமும் நன்னகரமும் ஊரோடு சேர்ந்து, பழைய வயல்களில் கல்யாண மண்டபமும் சூப்பர் மார்க்கெட்டும் நிற்கின்றன. மலையடிவாரத்தில் ரிசார்ட்டுகள். ஓடையை மறித்து செயற்கை அருவி செய்த விடுதிகளைப் பற்றி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேள்வி எழுப்ப வேண்டிய அளவுக்கு அந்த வியாபாரம் போனது. எல்லைக்குப் போகிற வழியில் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளில் நிற்க இடமில்லை. பெரிய முதலீடு எல்லாம் அருவியைச் சுற்றிச் சொந்த மண்ணில் வேர்விட்டுவிட்டது. அருவிக்கு மிக அருகில், ஜனங்களின் காலடியில் இருக்கிற சின்னக் கடைக்காரர்தான் இன்னும் ஒரு சாரலுக்கு மேல் நிற்க முடியாதவர்.

எனக்கு இதில் கோபம் உண்டு. கோயில் சொத்து கோயிலுக்கே இருக்க வேண்டும். அதை யாரும் எழுதி வாங்கிக்கொண்டு போகக் கூடாது. அந்தக் கண்டிப்பு இல்லாத காலத்தில் தமிழ்நாடு முழுக்கக் கோயில் நிலம் எப்படியெல்லாம் கைமாறியது என்பதைப் படித்தவன் நான். ஆனால் 1959 சட்டம் ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் ஆணையரின் அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. ஐந்து வருஷம் வரை கொடுக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. தீப்பிடிக்காத கூரை, நடக்க அகலமான வழி, அடுப்புக் கடைகளுக்குத் தனி வரிசை என்று கோயிலே கட்டி, மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்கு விட்டால் வாடகையும் கூடும், சாமானும் பிழைக்கும். மழை பொய்த்த வருஷத்தின் இழப்பை மழை பெய்த வருஷத்தில் எடுத்துக்கொள்ள ஒருவருக்கு அவகாசம் கிடைக்கும். மாமாவுக்குக் கிடைக்காதது அதுதான். அந்த ஒரு காய்ந்த ஆனிக்குப் பிறகு ஆடியில் தண்ணீர் விழுந்தது, அடுத்த வருஷம் நல்ல சாரல். அதை அறுவடை செய்தது வேறு கை.

போன சீசனில் குடும்பத்தோடு போயிருந்தேன். பழைய வரிசையில் எண்ணெய், சாம்பிராணி, தேன்நெல்லிக்காய் வைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். அவள் அம்மாவும் இங்கேயே எண்ணெய்க்கடை எடுத்தவளாம், மாமாவைத் தெரிந்திருக்கலாம் என்றாள். என் மகள் மரச்செப்பு கேட்டாள். வரிசையில் ஒரே ஒரு கடையில்தான் இருந்தது. நல்ல அரக்குப் பூச்சு, அம்பாசமுத்திரத்துச் சரக்கேதான். வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது எண்ணெய்க்கடைப் பெண் மேலே தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் குத்தி வழியவிட்டுக்கொண்டிருந்தாள். தீக்குப் பிறகு ஏதாவது மாறியதா என்று கேட்டேன்.

"சிலிண்டரு வைக்கதுல கொஞ்சம் கண்டிசன் இருக்குண்ணே. மத்தபடி அதே தகரம், அதே கம்புதான். அஞ்சு வருசம்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, நானே தளம் போட்டு ஓடு வேஞ்சுருவேன். எங்கம்மா காலத்துல இருந்து பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுதோம். கட்டுன காசைச் சேத்துவெச்சிருந்தா வீடே கட்டியிருக்கலாம்."

அந்த வருஷ ஏலத்துக்கு டேவணி கட்ட வளையலை அடகு வைத்திருந்தாள். ஆவணிக்குள் மீட்டுவிடலாம் என்றாள், தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது.